கழுவாத பாட்டில்

வயிற்றில் விழுந்த ஜெல் சூடாக இருந்தது. ஏசி ஓடும் ஸ்கேன் அறையில், பகல் இரண்டு மணிக்கு, சில்லென்று இருக்க வேண்டிய ஜெல், அப்போதுதான் ஓர் உடம்பிலிருந்து வடிந்தது போல் வெதுவெதுப்பாக, பாசி பிடித்த தொட்டியின் வாடையோடு தொப்புளைச் சுற்றிப் பரவ, மேசையில் மல்லாந்து கிடந்த கமலக்கண்ணனுக்கு உடம்பு கூசியது.

மூலக்குளத்தில் இருக்கும் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் ஸ்டோர் மேனேஜர் அவர். மூன்று நாளாக வயிற்றுவலி. டாக்டர் வருவதற்குள் ஜெல் தடவியவள், ஸ்கேன் அறையில் வேலை செய்யும் பிள்ளைச்சாவடி ஊர்க்காரி அஞ்சலாட்சி.

"புது பாட்டிலா?"

"நீங்க குடுத்ததுதான் சார்."

அது எந்தப் பாட்டில் என்று அவருக்குத் தெரியாதா என்ன! தீரத் தீரக் கேனிலிருந்து அதிலேயே ரொப்பு, கழுவாதே, அடியில் ஒட்டியது வீணாகும், கெட்டியானால் குழாய்த் தண்ணீர் விட்டுக் குலுக்கு என்று சொன்ன மகராசன் அவர்தானே. அதைத் தடவித்தான் அஞ்சலாட்சியின் மகள், ஏழு மாதக் கர்ப்பிணி துர்காவின் வயிற்றில் ஊசி போட்டுச் சோதனைக்குப் பனிக்குட நீர் எடுத்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் தாயும் போனாள், பிள்ளையும் போனது. ஜெல்லில் கிருமி என்று லேப் அனுப்பிய கடிதத்தை டிராயரில் வைத்துப் பூட்டினார், பாவி.

"எம் பொண்ணுக்கு எதனால சார் காய்ச்சல் வந்துச்சு?"

"உடம்பு தாங்கலம்மா. விதி."

"இன்னொரு தடவ கேக்கறேன்."

"டாக்டர வரச் சொல்லு."

அஞ்சலாட்சி பாட்டிலை வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள். அவர் டிஷ்யூவால் வயிற்றைத் துடைத்தார். போகவில்லை. அழுத்தித் துடைத்தார். ஈரம் தோலுக்குள் இறங்கியது.

திரையில் வெளிச்சம் வந்தது. ஸ்கேன் கருவி கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை.

டப். டப். டப்.

வேகமான துடிப்பு. பெரியவர்களுடைய துடிப்பு இல்லை.

அவர் வயிற்றுக்குள் ஏதோ உதைத்தது.

"சொல்லிடறேன். ஜெல்லுதான். லெட்டர் என் டிராயர்ல இருக்கு. அத நிறுத்தச் சொல்லு."

"எங்கிட்ட சொல்லி என்ன ஆவப் போவுது சார்?" அவள் குரலில் பதற்றமே இல்லை. "அதுகிட்ட சொல்லுங்க."

அவர் திரையைப் பார்த்தார்.

அதில் சுருண்டு கிடந்த பிள்ளை தலையைத் திருப்பியது. அவரைப் பார்த்தது. மெல்ல வாயைத் திறந்தது.

ஏழு மாதப் பிள்ளைக்கு வாய் நிறையப் பல்.