மதிய அமைதி

அப்பாவின் வீட்டை ஒழித்துக் கொடுப்பதற்காக மியூனிக்கிலிருந்து காலை ரயிலில் எர்லாங்கன் போனேன். கதவைத் திறந்ததும் பூட்டிக்கிடந்த வாடையும் பழைய கோப்பித்தூள் மணமும் சேர்ந்து வந்தன. இங்கேயாவது அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அப்பா இறந்து பத்தொன்பது நாள். சவப்பெட்டியை இறக்கும்போதும் வரவில்லை. "சுபானி கல்நெஞ்சுக்காரி" என்று சித்தி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. சரியாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

தபால் பெட்டியில் வீட்டு நிர்வாகத்தின் கடிதம் கிடந்தது. 'மதிப்புக்குரிய திரு. ஜோன்சன்' என்று அப்பாவின் பெயருக்கே வந்திருந்தது. இறப்பை அறிவிக்கும் படிவத்தை நான் இன்னும் நிரப்பி அனுப்பவில்லை. சத்தம் கூடாத மதிய அமைதி நேரமான ஒன்று முதல் மூன்று மணி வரை அவர் தினமும் அக்கோடியன் வாசிப்பதாகக் கீழ்வீட்டில் புதிதாகக் குடிவந்த லிசா முறையிட்டிருந்தாளாம். அவள் எழுதிய குறிப்பின் பிரதியும் கூடவே இருந்தது. இந்த ஊரில் யாரும் சும்மா கத்தமாட்டார்கள். திகதி போட்டு எழுதி வைத்துக்கொண்டுதான் கோபப்படுவார்கள்.

குறிப்பில் இருந்த முதலாவது திகதி, அப்பா ஆஸ்பத்திரியில் இறந்த மறுநாள்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த மனிதரா அமைதி நேரத்தில் சத்தம் போடுவார்? எண்பத்தாறில் இலங்கையிலிருந்து அகதியாக வந்தபோது, ஒரு முறைப்பாடு போதும், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று முகாமில் யாரோ சொல்லிவிட்டார்கள். ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. மதியத்தில்தான் விழிப்பார், மெட்டு வருவதும் அப்போதுதான். அக்கோடியனின் துருத்தியை வாரால் இறுக்கிக் கட்டிவிட்டுக் கட்டைகளில் விரலை மட்டும் ஓட்டுவார். காற்றில்லாத பெட்டியிலிருந்து டக் டக் என்று கட்டைச் சத்தம் மட்டும் வரும். மூன்று மணி அடித்த பிறகுதான் வாரை அவிழ்ப்பார். ஜெர்மன் கடவுச்சீட்டு கிடைத்த பிறகும் அப்படித்தான். சாகும்வரைக்கும் அப்படித்தான்.

கடைசியாகப் பேசியபோது, "பிள்ளை, புதுசு ஒண்டு செய்யிறன், உனக்கெண்டுதான். முடிவு மட்டும் இன்னும் வரேல்ல. ஒருக்கா வந்து கேளன்" என்றார்.

"இந்தக் கிழமை ஏலாதப்பா, டெர்மின் இருக்கு."

"ஓம் ஓம், பிறகு வா."

அந்த டெர்மின், நேரம் குறித்து வைத்த சந்திப்பு, முடி வெட்டுவதற்கு. முடிவு வராமல் எந்த மெட்டையும் அப்பா தாளில் எழுதமாட்டார். ஆகவே அதுவும் அவரோடு போய்விட்டது. எனக்கு வேறு எந்த ஆசையும் மிஞ்சவில்லை. அதை ஒரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

லிசாவின் குறிப்பை மறுபடி வாசித்தேன். நான்காம் திகதி, நான்கு நிமிடம், பாதியில் நின்றது, திரும்பவும் முதலிலிருந்து. ஒன்பதாம் திகதி, அதே இசை, ஏழு நிமிடம். பதினைந்தாம் திகதி, பதினொரு நிமிடம்.

முடிவு வராத மெட்டை அப்பா தேடுவது இப்படித்தான்.

டிரெஸ்டனில் படிக்கும் தம்பி சேயோனுக்கு அழைப்பு எடுத்துச் சொன்னேன். "அக்கா, அக்கோடியன் பெட்டி பூட்டித்தானே கிடக்கு?" என்றான்.

"ஓம். திறப்பு என்ர கையிலதான்."

"அப்ப அது வேற வீட்டுச் சத்தம். நீங்கள் முதல்ல சாப்பிடுங்கோ."

ஒரு மணிக்குப் பெட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். குளிர்சாதனப் பெட்டி உறுமி ஓய்ந்தது. ஜன்னல் கண்ணாடியில் மழை தட்டியது. ஒன்றரை. இரண்டு.

"வாசியுங்கோ அப்பா," என்றேன் மெதுவாக.

டக் என்று ஒரு கட்டைகூட அசையவில்லை.

இரண்டரைக்கு எழுந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு கடிதத்தோடு கீழே போனேன். கதவைத் திறந்த லிசா சின்னப் பெண்தான். என்னைக் கண்டதும் முகம் சிவந்து, ஜெர்மனில் சொன்னாள்.

"மன்னியுங்கள். இன்றைக்கு நான் எதுவும் எழுதவில்லை. நீங்கள் அவ்வளவு அழுதுகொண்டிருக்கும்போது எப்படி எழுதுவது?"

"நான் அழவில்லை."

"ஒரு மணியிலிருந்து கேட்டேனே. அவர் வாசிக்க வாசிக்க நீங்கள் அழுதீர்கள்."

"அவர் என் தந்தை. இறந்து பத்தொன்பது நாள். மேலே நான் மட்டும்தான் இருந்தேன்."

லிசாவின் பார்வை மெல்ல உத்தரத்துக்குப் போனது. குரல் தாழ்ந்தது.

"அப்படியானால் இப்போது வாசிப்பது யார்?"

காதைக் கூர்மையாக்கினேன். மழை மட்டும்தான்.

"எனக்குக் கேட்கவில்லை. தயவுசெய்து பாடிக்காட்டுங்கள்," என்றேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து வருவதை ஒரு நொடி பின்தங்கி முணுமுணுத்தாள். சுருதி விலகியது. ஆனாலும் அது அப்பாவுடையதுதான். ஏறிப்போய்த் தயங்கி, இன்னொரு வழியாக இறங்கிவரும் அவருடைய நடை. நல்ல மெட்டு. கேட்டுக்கொண்டு நின்றேன். உள்ளே எதுவும் அசையவில்லை.

திடீரென்று நிறுத்தினாள்.

"முடிந்துவிட்டது. இதுவரை ஒருநாளும் இப்படி முடிந்ததில்லை."

நன்றி சொல்லிவிட்டுக் கையை இழுத்தேன். அவள் விடவில்லை.

"இசை நின்றுவிட்டது. ஆனால் அவள் இன்னும் அழுகிறாள்."

"யார்?"

"உங்கள் குரல்தான்." லிசா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். 'அப்பா' என்றால் என்ன?"

அர்த்தத்தைச் சொன்னேன். பிறகு அந்த வாசலிலேயே, எனக்கு எதுவும் கேட்காமல், மூன்று மணி வரை நின்றேன்.