இரண்டாம் படிமம்

சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டால்தான் அது சட்டை என்பது சென்னியப்பனின் கருத்து. தைப்பொங்கல் காலை ஏழு மணிக்குக் கூடத்தின் நடுவில் மரநாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வீட்டு மனிதர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டரைக்குப் படிம மண்டபத்தில் அவர்களுடைய முறை. வருடத்துக்கு ஒரு படம். அதற்குப் பன்னிரண்டு நிமிடம்.

“ஆதவா, அந்த மேல் பொத்தான்.”

“கழுத்தை அறுக்குதுங் அப்பாரு.”

“அறுக்கட்டும். பன்னண்டு நிமிசத்துல கழுத்து ஒண்ணும் கழண்டு உளுந்துறாது.”

ஒன்பது வயதுப் பேரன் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மூச்சு முட்டுவதுபோல் கண்ணை உருட்டிக் காட்டினான். சமையலறையில் மருமகள் கீர்த்தனா சிரிப்பை அடக்குவது கேட்டது. சென்னியப்பன் அதைக் கேளாதவர்போல் இருந்தார்.

“எதிர்வீட்டு அத்தை எல்லாருக்கும் ஒரே நிறத்துல துணி எடுத்திருக்காங்களாம்” என்றான் ஆதவன். “அவங்க படத்துக்கு எண்பத்தஞ்சு மார்க் வருமாம்.”

“அவ உனக்கு அத்தையா? சின்னம்மா முறை. முறை தெரியலீன்னா வாயை மூடிட்டு இருக்கோணும்.”

எழுபத்து மூன்று வயதில் அவரிடம் மிச்சமிருந்த சொத்து இதுதான். தோட்டம் போய்விட்டது, கிணறு போய்விட்டது, காங்கேயத்துப் பக்கம் அவர் பிறந்த ஊரில் இன்று பகலில் நாய்கூட நடமாடுவதில்லை. பர்கூர் மலையில் மூன்றாம் மேட்டில், சுண்ணாம்புச் சுவர் வைத்த இரண்டு அறை வீட்டில் இருந்தாலும், யாரை யார் என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது மட்டும் அவருக்குக் குலையாமல் இருந்தது. அப்பாவைப் பெற்றவர் அப்பாரு. அம்மாவைப் பெற்றவர் அப்புச்சி. இதை மாற்றிச் சொன்ன விருந்தாளிப் பிள்ளையை, விருந்தாளி முன்னாலேயே திருத்தியவர் அவர்.

“அடுத்தது யாரு?” என்றார்.

யாரும் வரவில்லை. பிறகு கீர்த்தனா ஆறு வயதுப் பெண் ஒன்றைத் தோளைப் பிடித்துக் கூட்டிவந்தாள். பச்சைப் பாவாடை, கறுத்து மின்னும் தலைமுடி. அந்தக் கறுப்பு பதினோரு நாள் வேலை. கரும்பு லாரியில் வந்து இறங்கியபோது பிள்ளையின் முடி தேங்காய் நார்போலச் செம்பட்டை பாய்ந்திருந்தது. பின்கழுத்தில் வெயில் கொப்புளங்கள் ஆறிய தழும்பு. அதை மறைக்கத்தான் ரெட்டைச் சடையை விட்டு ஒற்றைச் சடை.

முடியைவிடக் கண்தான் பெரிய பாடாக இருந்தது. கீழ்நிலத்துப் பிள்ளைகள் வெளிச்சத்தைக் கண்டால் கண்ணைச் சுருக்கிவிடும். உறவுநோக்கிக்கு அது ஒன்றே போதும். உறவுநோக்கி என்பது மண்டபத்தில் இருக்கும் கேமரா. அதனால் தினமும் காலையில் கீர்த்தனா பிள்ளையைக் குளியலறை விளக்குக்கு நேராக உட்கார வைத்து, ஒன்றிலிருந்து முப்பதுவரை கண்ணைத் திறந்தபடியே எண்ண வைத்தாள். கண்ணில் நீர் கொட்டக் கொட்ட அது எண்ணும். இருபத்தேழுக்குப் பிறகு இருபத்தொன்பது என்றுதான் சொல்லும்.

“மாமா, நீங்களே ஒருக்கா கேட்டுப் பாருங்க.”

சென்னியப்பன் பிள்ளையை நேராகப் பார்த்தார். பதினோரு நாளில் அவர் அதனிடம் பேசியது பாடம் மட்டும்தான்.

“பேரு?”

“பவளம்.”

“அப்பா பேரு?”

“அருள்வேல்.”

“அம்மா?”

“கீர்த்தனா.” ஒரு நொடி தாமதம் இருந்தது. கீர்த்தனாவின் கை பிள்ளையின் தோளில் இறுகியது.

“நான் யாரு?”

“அப்பாரு.”

“சட்டுனு சொல்லோணும். யோசிச்சுச் சொன்னா அது உறவில்லை. மறுபடி.”

“அப்பாரு!”

“ம்” என்றார் சென்னியப்பன். பொய் சொல்வது அவர் வீட்டு வழக்கமில்லை. ஆனால் சொல்லவேண்டி வந்துவிட்டால் அதையும் ஒழுங்காகச் சொல்லவேண்டும்.

மேட்டில் எல்லாம் அந்த ஒரு படத்தில்தான் இருந்தது. பங்குனியில் வெயில் ஏறத் தொடங்கியதும் மேட்டுக்காரர்கள் மலைக்குள் குடைந்த குளிர்க்கூடத்துக்குள் போய்விடுவார்கள். ஆவணி வரை அங்கேதான். பொங்கல் படிமத்தில் இருப்பவருக்கு அங்கே இடம் உண்டு, இல்லாதவருக்கு இல்லை. ரத்தச் சோதனையைச் சட்டம் கைவிட்டு வெகுநாள் ஆகிறது. வெப்ப ஆண்டுகளில் பாதிப் பிள்ளைகள் கருவங்கிகளில் யார் யாருடைய வித்திலோ பிறந்தவர்கள். ரத்தம் எதையும் நிரூபிப்பதில்லை. அதனால் உறவுநோக்கி முகங்களைப் படிக்கிறது. யார் பக்கம் யார் சாய்கிறார்கள், யாரைக் கண்டு யாருக்கு முகம் மலர்கிறது, உறவுச்சொல் வாயில் எப்படி வருகிறது என்று பார்த்து நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. கருவங்கிப் பிள்ளைகள் தாமதமாகக் குடும்பத்துக்கு வருவது உண்டு என்பதால், ஆறு வயதில் ஒரு பெண் புதிதாகப் படத்தில் நிற்பதில் சட்டச் சிக்கல் இல்லை. நின்று தேறவேண்டும், அவ்வளவுதான்.

தேறாவிட்டால் மாசிக்குள் கீழே. பவளத்தின் ஊரில் போன கோடைக்கு முன்னால் பதினான்கு பிள்ளைகள் இருந்தார்கள். கோடைக்குப் பின்னால் ஐந்து.

பிள்ளையைப் பெற்றவள் பெயர் இளவேனில். சென்னியப்பனின் மகள், அருள்வேலுக்கு அக்கா. எட்டு வருடங்களுக்கு முன், கீழ்நிலத்தில் கிணறு தூர் வாரும் ஒருவனைக் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். அந்தப் பொங்கலுக்குப் படிம மண்டபத்தில் அலுவலர், “குடும்பத் தலைவருக்கு எத்தனை பிள்ளைகள்?” என்று கேட்டபோது, சென்னியப்பன் கண் இமைக்காமல், “ஒண்ணு” என்றார். உறவுநீக்கம் முடிந்தது. நீக்கியவரே நினைத்தாலும் அதை மாற்ற முடியாது. நீக்கப்பட்டவளின் வாரிசுக்கும் மேட்டில் இடம் கிடையாது. பவளம் அருள்வேலின் பிள்ளையாக மட்டுமே பிழைக்க முடியும்.

அருள்வேல் கேட்டுவிட்டுக் கூட்டிவரவில்லை. கூட்டிவந்துவிட்டுத்தான் சொன்னான். சென்னியப்பன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை, “அவ பேரு இந்த வீட்டுல வரக்கூடாது” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாததால், சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மண்டபத்தில் வெளிச்சம் பாலைக் கொட்டியதுபோல் இருந்தது. நடுவே ஒரு நாற்காலி. அது குடும்பத் தலைவருக்கு. படிம அலுவலர் இருபத்தைந்து வயதுப் பெண். பொங்கலும் அதுவுமாக வேலைக்கு வந்த சலிப்பு முகத்தில் தெரிந்தாலும், வாய் இனிமையாக இருந்தது.

“வாங்க, பொங்கல் வாழ்த்துகள். அஞ்சு பேர், ஒரு புதுப் பிள்ளை. பாப்பா, புதுப் பாவாடையா?”

பவளம் தலையாட்டியது. கண்ணைச் சுருக்கவில்லை. அதன் உதடுகள் ஓசையில்லாமல் எண்ணிக்கொண்டிருப்பதைச் சென்னியப்பன் மட்டும் கண்டார்.

படம் சரியாக வந்தது. சுவரில் எழுபத்தாறு என்று தெரிந்தது. எழுபது போதும். அருள்வேல் மூச்சை விட்டான்.

“அடுத்து உறவுச்சொல். ஒவ்வொருத்தரா பெரியவர் கிட்ட வந்து கூப்பிடுங்க. அவர் பதில் சொல்லணும்.”

“அப்பா.” “ம், வா.” சுவர் விளக்கு பச்சை.

“மாமா.” “சொல்லம்மா.” பச்சை.

“அப்பாரு!” “என்றா?” பச்சை. ஆதவன் திரும்பிப் போகும்போது பொத்தானை அவிழ்த்துக்கொண்டே போனான்.

பவளம் வந்தது. பதினோரு நாளில் அவருக்கு இவ்வளவு அருகில் அது வந்ததில்லை. தேங்காயெண்ணெய் மணம். அண்ணாந்து, கண்ணைப் பெரிதாகத் திறந்து வைத்தபடி, சொல்லித்தந்ததுபோலச் சட்டென்று, “அப்பாரு” என்றது.

ஒரு சின்னத் தப்பும் இல்லை. “என்ன சாமி” என்று சொன்னால் முடிந்தது. சென்னியப்பன் குனிந்தார். அந்தக் கண்களின் ஓரத்தில் நீர் முட்டி நின்றது, விழவில்லை, விழவிடாமல் பிள்ளை அதைப் பிடித்து வைத்திருந்தது. அவருக்கு நெஞ்சுக்குள் என்னவோ இளகியது. இளகிய இடத்தில் அவருடைய பழைய நாக்கு தானாகப் புரண்டது.

“அப்பாரு இல்ல கண்ணு. அப்புச்சி. அம்மாவைப் பெத்தவன அப்புச்சின்னுதான் கூப்பிடோணும்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது.

விளக்கு மஞ்சளாகியது. கீர்த்தனா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆதவன், “அப்பாரு, நீங்களே தப்பாச் சொல்லிட்டீங்க!” என்று சிரித்து, யாரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

அலுவலர் திரையைப் பார்த்தாள். “உறவு முரண்னு காட்டுது.” பிறகு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். “ஐயா, ரெண்டே வழிதான் இருக்கு. பிள்ளை பக்கம் முரண்னு போட்டா, பாப்பா கீழ போகணும். பொய்ப்படிமம்னு இவங்க மூணு பேர் இடமும் போயிடும். இல்ல, தலைவர் பக்கம் முரண்னு போடலாம். வயசாச்சு, நினைவு தளர்ந்திருக்கு, வாய் தடுமாறிடுச்சுன்னு. அப்படின்னா உங்களை விட்டுட்டு இவங்களுக்கு ரெண்டாம் படிமம் எடுக்கலாம். ஆனா…”

“தெரியும்” என்றார் சென்னியப்பன். நினைவு தளர்ந்தவர்களுக்குக் குளிர்க்கூடத்தில் இடமில்லை என்பது மேட்டில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

“வேண்டாமுங்கப்பா” என்றான் அருள்வேல். “நான் எல்லாத்தையும் சொல்லிப்போடறேன்.”

“நீ பேசாம நில்லு.”

அவர் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “கேளம்மா.”

“அஞ்சு கேள்வி. மூணு தப்பானா தளர்ச்சின்னு பதிவாகும். உங்க பேர், அப்பா பேர்?”

“சென்னியப்பன். அப்பா ராக்கியண்ணன்.” இதைத் தப்பாகச் சொல்ல அவரால் முடியவில்லை. பச்சை.

“இது என்ன மாசம்?”

மண்டபத்துக்கு வெளியே கரும்புக் கட்டுகளும் மஞ்சள் கொத்துகளும் சாத்தியிருந்தன. ஆதவன் அவரையே பார்த்தான்.

“ஆடி.”

சிவப்பு. அவர் காது சூடேறியது. வரிசையில் காத்திருந்த அடுத்த குடும்பத்தில் யாரோ ஒருவர் ‘ஐயோ பாவம்’ என்றார்.

“எங்க குடியிருக்கீங்க?”

“காங்கேயத்துக்குப் பக்கத்துல. தோட்டத்து வீட்டுல. கிணத்துல தண்ணி நிறைய.”

சிவப்பு.

“இவர் யாரு?” என்று அலுவலர் அருள்வேலைக் காட்டினாள். தெரியாது என்றால் மூன்றாகிவிடும். சென்னியப்பன் வாயைத் திறந்தார். அருள்வேல் தலையைக் குனிந்துகொண்டு நின்றான், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிவிட்டு வந்து நிற்பதுபோல.

“எம் பையன்.”

பச்சை. இன்னும் ஒரு கேள்விதான் பாக்கி.

“உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?”

இந்தக் கேள்விக்கு எட்டு வருடமாக அவரிடம் ஒரு பதில் இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அதைத்தான் சொன்னார். துக்க வீடுகளில், கல்யாணப் பந்திகளில், தனக்குத்தானே.

“ரெண்டு” என்றார் சென்னியப்பன். குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. “மூத்தவ பொண்ணு. இளவேனில்னு பேரு.”

அலுவலர் பதிவேட்டைப் பார்த்தாள். சிவப்பு. “சரிங்க ஐயா” என்று பிள்ளைக்குச் சொல்வதுபோல மென்மையாகச் சொல்லி, அவரைக் கைத்தாங்கலாக எழுப்பப் பார்த்தாள். அவர் கையை உதறிக்கொண்டு தானே எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் நகர்ந்தது.

“அருளு. உக்காரு அதுல.”

“அப்பா…”

“உக்காருன்னா உக்காரோணும்.”

அருள்வேல் உட்கார்ந்தான். முகப்படம், உறவுச்சொல், இரண்டிலும் மறுபடி தேறவேண்டும் என்றாள் அலுவலர். இரண்டாம் படிமத்தில் முகப்படத்துக்கு எண்பது வேண்டும். நான்கு நிமிடம் இருக்கிறது.

சென்னியப்பன் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அங்கிருந்து பார்த்தால் குடும்பம் கண்ணாடிக்குள் இருப்பதுபோல் தெரிந்தது. அருள்வேல் தலை நிமிரவே இல்லை. கீர்த்தனா கண்ணைத் துடைக்கத் துடைக்க மை வழிந்தது. சுவரில் எண் ஐம்பத்தொன்று என்றது. நாற்பத்தெட்டு.

“சிரிங்க” என்றார் சென்னியப்பன்.

நாற்பத்து நான்கு.

“கொஞ்சம் சந்தோஷமா நினைச்சுக்குங்க, ஏதாவது…” என்று அலுவலர் தடுமாறினாள். பவளம் எண்ணிக்கொண்டிருந்தது. பதினெட்டு, பத்தொன்பது.

சென்னியப்பன் தோளில் இருந்த துண்டை எடுத்தார். ஊரில் ஒருவரும் அந்தத் துண்டு அவர் தோளைவிட்டு இறங்கிப் பார்த்ததில்லை. அதைத் தலைமேல் போட்டு, இரண்டு முனையையும் கொம்புபோல முறுக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கால்களை அகட்டி, மண்டபம் அதிர, “ம்ம்மாஆ” என்று கத்தினார்.

ஆதவன் திகைத்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சென்னியப்பன் குனிந்து தரையைக் காலால் பறித்தார். வேட்டி அவிழ்ந்து தொங்கியது. வரிசையில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அலுவலர் எழுதுபலகையில் ஏதோ குறித்துக்கொண்டாள். அவர் கொம்பை ஆட்டிக்கொண்டே பவளத்தை முட்ட வருவதுபோல் இரண்டடி வைத்து, பொத்தென்று மண்டியிட்டார். பவளம் எண்ணுவதை விட்டுவிட்டது. முன்பல் இரண்டு இல்லாத வாயைத் திறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளை சிரித்தது. அதைப் பார்த்து ஆதவன் சிரித்தான். ஆதவனைப் பார்த்துக் கீர்த்தனாவுக்கும், அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று கிளம்பிவிட்டது.

எழுபது. எழுபத்தெட்டு.

“அருளு!” என்று மூச்சு வாங்க அதட்டினார் சென்னியப்பன். “பல்லைக் காட்டுடா!”

எண்பத்து மூன்று.

விளக்கு பச்சையானதும் அலுவலர், “போதுங்க ஐயா, எடுத்தாச்சு” என்றாள். அவர் உடனே எழவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டிருந்தது. தூக்கிவிட யாரும் வரவும் முடியாது. உறவுச்சொல் கேட்பு முடியும்வரை குடும்பம் மேடையைவிட்டு இறங்கக்கூடாது. பவளத்தை முன்னால் நகர்த்தினார்கள். அது நாற்காலியில் இருந்த அருள்வேலைப் பார்த்துச் சட்டென்று, “அப்பா” என்றது.

“என்ன சாமி” என்றான் அருள்வேல்.

சென்னியப்பன் தரையில் கையூன்றியபடி, சொல் சரியாக வந்ததா என்று உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.