உள் மூன்று, வெளி ஒன்று

காலையில் கண் விழித்ததும் அமலி விசைப்பலகையைத் தேடுவாள். விரலுக்குத் தட்டுப்படும் சிறு மேடுகளை வைத்து இடம் பிடித்து, "உள் 3 > வெளி 1" என்று அடிப்பாள். மூன்று, கணவர் லூர்துராஜின் கண். ஒன்று, அவள் மூளையோரம் பதித்திருக்கும் பார்வைத் தகடு. மறுநொடி படுக்கையறை விரியும். அதன் நடுவில், தலை கலைந்து, அவளே உட்கார்ந்திருப்பாள்.

"எந்திச்சதும் என் மூஞ்சியத்தான் காட்டணுமா? வெளிய பாருங்க."

"இந்தா பாத்தாச்சி."

அவர் திரும்ப, எதிர்வீட்டு மாடியில் காயும் கருவாடும் அதைச் சுற்றும் காக்கையும் அவளுக்குத் தெரியும்.

பார்வை போனவர்களின் வீடுகளில் இப்போது காட்சி மாற்றுப் பெட்டி இருந்தது. கண் இரவல் தருபவர்கள் விழிமேல் மெல்லிய வில்லை அணிந்துகொள்வார்கள். ஒவ்வொருவருக்கும் பெட்டியில் ஓர் அட்டை. எந்த அட்டையின் காட்சி யாருக்குப் போக வேண்டும் என்று சொன்னால் போதும், பெட்டி மாற்றிவிடும். அமலியின் பெட்டியில் இரண்டே அட்டைகள்தான் இருந்தன. மூன்றாவது இடத்தில் கணவர், எட்டில் படகுக்காரன் கிளிட்டஸ். தூத்துக்குடிக் கடலை அவளுக்காகச் சும்மாவே பார்த்துக் கொடுக்கிறவன்.

எல்லோரும் பெட்டியிடம் வாயால்தான் சொன்னார்கள். தொலைக்காட்சி நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அமலிக்கு மட்டும் தட்டச்சுதான் கைவாகு. பெட்டியின் பதிலும் அவள் காதுக்குள் மட்டும் கேட்கும்.

லூர்துராஜ் அவளுக்காகவே பார்க்கப் பழகியிருந்தார். அடுப்படியில் முதலில் எண்ணெயைப் பார்ப்பார், பிறகு அவள் கையை. அவள் தம்பியை அடக்கம் செய்த அன்று, முகத்தைப் பார்த்தால் இவள் தாங்கமாட்டாள் என்று கோயில் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மத்தியானம், "நான் கிளிட்டஸ்கூட கடலுக்குப் போய்ட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு எட்டை அடித்தாள். கொஞ்ச நேரம் நீலம். அவன் சீக்கிரமே கரையேறி வில்லையைக் கழற்றிவிட, இருட்டானது. திரும்பிவிட்டதைக் கணவரிடம் சொல்லாமலே அமலி மூன்றை அடித்தாள்.

கூடம் தெரிந்தது. நாற்காலியில் அவள். அடுப்படி வாசலில் நின்று அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரம் அசையாமல் அவர் பார்த்து அவள் கண்டதில்லை. கழுத்தெலும்பு துருத்தியிருந்தது. ரவிக்கை தொளதொளத்தது. இத்தனை இளைத்துப்போனோமா என்று அவள் நினைக்கும்போதே காட்சி கலங்கியது. ஓரங்கள் நடுங்கின. நாற்காலியும் அவளும் கரைந்து ஒன்றானார்கள்.

அட்டை தளர்ந்திருக்கும் என்று நினைத்து, "நிலை 3?" என்று அடித்துக் கேட்டாள்.

"மூன்று. இணைப்பு சரி. பிழை இல்லை," என்றது பெட்டி.

இமை மூடி இருண்டது. திறந்தது. மறுபடியும் கலங்கியது.

அமலியின் விரல்கள் விசைகளின் மேல் அப்படியே நின்றுவிட்டன.

"அமலி, கடல் எப்படி இருக்கு?" அடுப்படிப் பக்கமிருந்து குரல் வந்தது. குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

அவர் கண்ணைத்தான் வாங்கினோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். தனக்கென்று பார்க்க, பார்த்து அழ, அந்த மனிதருக்கு இடமே வைக்கவில்லை. அவள் கடலில் இருப்பதாக அவர் நம்பிய பொழுதுதான் அவருக்கு மிச்சம். எழுந்து போய் அவர் கண்ணைத் துடைத்துவிடலாம். துடைத்தால் அதுவும் போய்விடும்.

"0 > 1" என்று அடித்தாள். எந்தக் கண்ணும் இல்லை. இருட்டு.

"நல்லாருக்குங்க. கிளிட்டஸ் வலைய இழுக்கான். கொஞ்சம் அலையடிக்கு."

"மழ வருமோ?"

"வரும்போலத்தான் இருக்கு. நீங்க உங்க சோலியப் பாருங்க. நான் வர நேரமாகும்."

அதன்பிறகு மத்தியானந்தோறும் அவள் கடலுக்குப் போனாள். இருட்டுக்குள் உட்கார்ந்து, அவர் கேட்கும்போதெல்லாம் அலையையும் பறவையையும் சொன்னாள். பார்வை கிடைத்தவள் பாதிநாள் குருடாகவே இருந்தாள். ஆனால் அவர் நடமாட்டத்தில் ஓர் இலகு வந்திருந்தது. சில நாள் விசிலடிப்பதுகூடக் கேட்டது.

ஒருநாள் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது தெருவில் மாதா கோயிலின் கடைசிப் பூசை முடிந்து போகிறவர்களின் பேச்சு கேட்டது. ஞாயிற்றுக்கிழமை. படகு ஒன்றுகூடக் கடலுக்குப் போகாத நாள் என்பது ஊருக்கே தெரியும்.

அமலி பாதியில் நிறுத்தினாள்.

நாற்காலி ஒன்று இழுபட்டு அவள் பக்கத்தில் வந்தது. அவர் கை, விசைப்பலகை மேலிருந்த அவள் கையைப் பொத்தியது.

"மீன்பாடு எப்படி?" என்றார். "சொல்லு, நான் கேட்டுட்டுதான் இருக்கேன்."