சல்லடைத் தட்டுகளுக்கு மேலே

ஆலைக் கோபுரத்துக்குள்ளிருந்து வெளியே வந்த அவள் கணவன் வழக்கம்போல் தண்ணீர் கேட்கவில்லை. இயந்திரங்களைப் பொருத்தும் பிட்டரான அவனுக்கு ஆலையில் வாயாடி என்றுதான் பெயர். அந்த இரும்புக் கோபுரத்தில் இறங்கி, சல்லடைத் தட்டுகளை அடியிலிருந்து ஒவ்வொன்றாக முடுக்கிக்கொண்டே ஏறி வந்தால், அரை மணி நேரம் ஊர்க்கதை ஓடும். இன்று மேல்தளத்தில் நின்று தலையை மட்டும் ஆட்டினான். உள்ளே போனவர் 'வெளிய வந்துட்டேன்' என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் மூடியைப் போட வேண்டும் என்பது விதி. பம்பை இயக்கும் ஆபரேட்டரான அவள் அந்தச் சொல்லைக் கேட்டு வாங்கவில்லை. கட்டின புருஷன், கண்ணெதிரே நிற்கிறான், இதற்கு என்ன விதி வேண்டிக்கிடக்கிறது? மூடியை அவனே இறுக்கினான். அவள் பம்பைப் போட்டாள்.

கரைப்பானை விடுவதற்கு முன்னால் கோபுரம் முழுக்கத் தண்ணீர் நிரம்ப வேண்டும். மதிய வெயிலில் தகடு கொதித்தது, பழைய கரைப்பானின் இனிப்பு நாற்றத்தில் தொண்டை கமறியது, பம்பின் இரைச்சலுக்கு அடியில் எங்கோ டொக், டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. கீழிருந்து மூன்றாம் தட்டில். கொஞ்ச நேரத்தில் ஐந்தாம் தட்டில். தண்ணீர் ஏற ஏற, அதற்கு ஒரு தட்டு மேலே சத்தமும் ஏறியது. முடுக்கிவிட்ட அந்தத் தட்டுகளின் துளைகளில் சுண்டுவிரல்கூட நுழையாது.

"என்னங்க, உள்ள யாராவது இருக்காங்களா?"

அவன் மறுபடியும் தலையை மட்டும் ஆட்டினான். அவள் தகட்டில் காதை வைத்தாள். சூடு சுட்டது. எடுக்கவில்லை.

"பம்ப நிறுத்தும்மா. நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்."

தகட்டுக்கு உள்ளிருந்து அவன் குரல். பதினாறு வருஷம் கேட்ட குரல். எது என் புருஷன்? பக்கத்தில் நிற்பவனைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பார்க்காமலே ஸ்விட்சைத் தேடிக் கையை நீட்டினாள்.

ஸ்விட்சின் மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது. இந்த வெயிலிலும் ஜில்லென்று.

அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. கத்தினாள். கீழே வேலை பார்த்தவர்கள் யாரும் நிமிரவில்லை.

இப்போது சத்தம் கடைசித் தட்டில். பிறகு அதுவும் நின்றது.

மூடிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். அதில் ஒரு முகம் அழுந்தியிருந்தது. அவள் கணவன் முகம். தாடையில் தண்ணீர். உதட்டில். மூக்கில்.

ஒரு கண் மட்டும் மிச்சம். அது அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் நிற்பவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.