வெற்றிடமாக நடித்தவள்

நாடகத்தில் புள்ளிக்குக் கிடைத்த வேடம் வெற்றிடம்.

புள்ளி என்பது வகுப்பு வைத்த பட்டப்பெயர். ஐந்தாம் வகுப்பிலேயே சின்ன உருவம் அவள்தான். அந்த வேடம் அவளுக்கு வந்ததும் அதனால்தான். கம்பி வளையத்தின் மேல் காகிதக்கூழ் ஒட்டி, செம்பு நிறம் பூசிய உருண்டைக்குள் வேறு யாராலும் நுழைய முடியவில்லை.

நாடகத்தின் கதை உண்மையில் நடந்தது. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்னால் ஓர் ஊரின் மேயர், கிண்ணம் போன்ற இரண்டு உலோகப் பாதிகளை வாயோடு வாய் சேர்த்து வைத்தார். உள்ளே இருந்த காற்றைப் பம்பு வைத்து வெளியே எடுத்தார். பசை இல்லை, ஆணி இல்லை. ஆனாலும் பக்கத்துக்கு எட்டுக் குதிரைகள் பூட்டி இழுத்தும் அவற்றைப் பிரிப்பது பெரும்பாடாகிவிட்டது.

அறிவியல் டீச்சர் இதை நாடகமாக எழுதியிருந்தார். புள்ளி உருண்டைக்குள் உட்கார்ந்து, இரண்டு பாதிகளையும் உள்ளிருந்தே இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் வெளியே தெரிவதற்காக உருண்டையின் முன்பக்கத்தை ஜன்னல்போல வெட்டியிருந்தார்கள்.

வீட்டில் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“வெற்றிடம்னா ஒண்ணுமில்லைதானே? ஒண்ணுமில்லைக்கு ஒரு வேஷமா?”

“நீ மரமா நின்னு தூங்கி விழுந்தியே, அதுக்கு இது எவ்வளவோ மேல்” என்றாள் புள்ளி.

அப்பாவுக்குத்தான் தலைகால் புரியவில்லை. அவருக்குப் பேக்கரியில் ரொட்டி சுடும் வேலை. கூட வேலை செய்பவர்களை நாடகத்துக்கு அழைத்தார். ரொட்டி வாங்க வந்தவர்களிடமெல்லாம் தன் மகள் மேடை ஏறப்போகிறாள் என்று சொன்னார். தான் பள்ளியில் படித்த காலத்தில் ஒருமுறைகூட மேடை ஏறியதில்லை என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டாராம்.

ஒத்திகைதான் ஒத்துழைக்கவில்லை. குதிரைகளாக நடித்தவர்கள் கயிற்றை இழுத்ததும் உருண்டை இரண்டாகப் பிரிந்துவிடும். நடுவில் புள்ளி உடைந்த முட்டையிலிருந்து வந்த குஞ்சுபோல விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

குதிரைகளுக்குத் தலைவன் ஒட்டகம். அவனுடைய நீளக் கழுத்துக்கு அந்தப் பெயர் எப்போதோ கிடைத்துவிட்டது.

“காலையில சாப்பிட்டியா, இல்லையா? கொஞ்சம் பிடியேன்” என்றான் அவன்.

“நீங்க எட்டுப் பேரு. எனக்கு இருக்கிறது ரெண்டு கைதானே?”

உள்ளங்கை எரிய வீட்டுக்கு வந்தாள். அண்ணன் பழச்சாற்றுப் பெட்டியைக் குழல் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். சாறு தீர்ந்த பிறகும் விடவில்லை. அட்டைப்பெட்டி இரண்டு பக்கமும் ஒடுங்கியது.

புள்ளி அதையே பார்த்தாள். பெட்டியை வாங்கி, ஊதி நிமிர்த்தி, மேசைமேல் வைத்தாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குழலில் வாய் மட்டும் வைத்து உறிஞ்சினாள். மறுபடியும் ஒடுங்கியது.

“இதை யார் அமுக்கினது?” என்று கேட்டாள்.

“நீதான்.”

“நான் தொடவே இல்லையே. உள்ளே இருந்த காற்றை வெளியே எடுத்தேன், அவ்வளவுதான்.”

அண்ணன் தோளைக் குலுக்கிவிட்டு விளையாடப் போய்விட்டான். புள்ளி ஒரு காலி தண்ணீர் பாட்டிலை எடுத்து உறிஞ்சிப் பார்த்தாள். அதன் வயிறும் ஒட்டியது. உள்ளே இருந்து யாரும் இழுக்கவில்லை. இழுக்க உள்ளே யார் இருக்கிறார்கள்? வெளியே இருக்கும் காற்று எல்லாப் பக்கமும் அமுக்குகிறது. உள்ளே காற்று இருக்கும்வரை அது எதிர்த்துத் தள்ளும். அது போய்விட்டால் வெளிக்காற்று ஜெயித்துவிடும்.

அப்படியானால் நாடகம் தப்பு.

தப்பு நாடகத்திலா, தன்னிடமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. பாடப்புத்தகத்தைப் புரட்டினாள். காற்றுக்கு எடை உண்டு, அது எல்லாவற்றையும் அழுத்துகிறது என்று அதிலும் இருந்தது. சந்தேகம் தீர்ந்தது. வெற்றிடம் எதையும் பிடிப்பதில்லை. உருண்டைக்குள் யாருமே இருக்கக்கூடாது.

அவளும்தான்.

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அப்பா பேக்கரியில் இந்நேரம் இன்னும் நாலு பேரிடம் சொல்லியிருப்பார். ஆனால் தப்பு என்று தெரிந்த பிறகு அந்த உருண்டைக்குள் எப்படி உட்காருவது?

மறுநாள் டீச்சரிடம் போய், ஒடுங்கிய பெட்டியைக் காட்டி, தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தாள். டீச்சர் அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வெற்றிடம்தான் இழுக்குதுன்னு பெரிய பெரிய அறிஞர்களே ரொம்ப காலம் நம்பினாங்க. கிணத்துத் தண்ணியை அதுதான் பம்புக்குள்ள இழுக்குதுன்னாங்க. ஓர் உயரத்துக்கு மேல தண்ணி ஏறாம நின்னப்போதான் யோசிக்க ஆரம்பிச்சாங்க. காற்றோட எடைதான் தண்ணியை மேல தள்ளுது, அதோட பலம் அவ்வளவுதான்னு கண்டுபிடிச்சாங்க. இது எனக்கும் தெரியும் புள்ளி. தெரிஞ்சும் தப்பா எழுதியிருக்கேன் பாரு” என்றார்.

“அப்போ காற்றா யாரு டீச்சர் நடிக்கிறது?”

அதற்கும் அவளே வழி சொன்னாள். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் தினமும் ஒத்திகையை எட்டிப் பார்ப்பார்கள். யாராவது துரத்துவார்கள், ஓடுவார்கள், திரும்பி வருவார்கள். அவர்களில் ஒருவருக்கும் நாடகத்தில் வேடம் இல்லை.

அழைத்ததும் மந்தையாக ஓடி வந்தார்கள். அவர்களைக் காற்றாக்குவது சுலபமாக இல்லை. குதிரைகள் வருவதற்கு முன்பே தள்ளினார்கள். நிறுத்தச் சொன்னால் இன்னும் தள்ளினார்கள். ஒருத்தி தனக்குக் காற்று வேண்டாம், புயல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். புள்ளி திரைக்குப் பின்னால் நின்று கையை உயர்த்தினால் தள்ளவேண்டும், இறக்கினால் நிற்கவேண்டும் என்று பழக்கிய பிறகுதான் சரிப்பட்டது.

ஒட்டகமும் கூட்டமும் முகம் சிவக்க இழுத்தார்கள். உருண்டை அசையவில்லை. மேயராக நடித்தவன் காற்றை உள்ளே விடும் குழாயைத் திறந்ததும், புள்ளி கையை இறக்கினாள். காற்றாக நின்றவர்களில் ஆகச் சின்னவன் ஜன்னல் வழியாக உருண்டைக்குள் புகுந்தான். இரண்டு பாதிகளும் தாமாகக் கழன்று விழுந்தன.

“இப்பதான் இது மேயரோட உருண்டை” என்றான் ஒட்டகம், மூச்சு வாங்கிக்கொண்டு.

டீச்சர் புள்ளியையும் காற்றோடு சேர்ந்து மேடையில் நிற்கச் சொன்னார். அவளுக்கும் ஆசைதான். ஆனால் அவள் மேடைக்கு வந்தால் குழந்தைகள் எல்லாரும் அவளையே திரும்பிப் பார்ப்பார்கள், கைகாட்டவும் ஆள் இருக்காது. திரைக்குப் பின்னாலேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அன்று மாலை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டியையும் ஒடுக்கிக் காட்டினாள். அப்பா தலையைச் சொறிந்தார்.

“மேடையில நீ இருக்கவே மாட்டியா?”

“மாட்டேன்ப்பா.”

“சரிம்மா” என்றார். வேலைக்குக் கிளம்பிவிட்டார். அவருக்கு வருத்தமா, புரியவில்லையா என்று புள்ளிக்குத் தெரியவில்லை.

நாடகத்தன்று திரை இடுக்கு வழியாகப் பார்த்தாள். அப்பா மூன்றாவது வரிசையில் இருந்தார். இரண்டு பக்கமும் பேக்கரிக்காரர்கள். ஒருவர் புருவத்தில் மாவுகூட இருந்தது.

குதிரைகள் வந்தன. கயிறு முறுக்கேறியது. புள்ளி கையை உயர்த்தினாள். முப்பது சின்னக் கைகள் உருண்டையை இரண்டு பக்கமும் அமுக்கின. ஒட்டகத்தின் கழுத்து இன்னும் நீண்டது. உருண்டை பிரியவில்லை. அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

அந்த அமைதியில் அப்பாவின் பக்கத்தில் இருந்தவர் மெல்லக் கேட்டார்: “இதுல உங்க பொண்ணு எதுங்க?”

மாவு பிசையும் மெஷினோடு தினமும் போட்டி போட்டுப் பேசும் அப்பாவுக்கு ரகசியக் குரலே கிடையாது. அவர் எழுந்து நின்று, உருண்டையின் ஜன்னலைக் கைநீட்டிக் காட்டினார். அவர் சொன்னது கடைசி வரிசைவரைக்கும் கேட்டது.

“அதோ, உள்ள யாருமே இல்லை பாருங்க. அதுதான் எம் பொண்ணு.”