நான்காவது ரிங்

எடுத்த ரிங்: ஒன்பது.

கணினித் திரையில் தம் மனைவியின் பெயருக்கு எதிரே இந்த வரியைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மனைவி போய்ச் சேர்ந்து ஏழு வாரம் ஆகிறது. வீட்டுச் சாவி அவர் சட்டைப்பையில். அப்படியானால் நேற்று மத்தியானம் வீட்டில் போனை எடுத்தது யார்?

எங்கள் தெருவில் அவருக்கு 'ரூல்ஸ்' என்றுதான் பெயர். பெற்றோர் வைத்த பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். குப்பை வாளி எத்தனை மணிக்கு வெளியே வரவேண்டும், யார் வீட்டுப் பூனை யார் மதில்மேல் உட்காரலாம், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு சட்டம் உண்டு. பிழைப்பும் அதுதான். பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை காலியானால் அது யாருக்கு என்று மனிதர் யாரும் முடிவு செய்வதில்லை, மென்பொருள் செய்கிறது. அதற்கு 'இப்படியானால் அப்படி' என்று விதிகளை எழுதிக் கொடுப்பவர் ரூல்ஸ். நோயின் கடுமைக்கு இத்தனை மதிப்பெண், காத்திருந்த ஒவ்வொரு நாளுக்கும் இத்தனை. முதலில் நிற்பவர் வீட்டுக்குத் தானாக போன் போகும். பத்து ரிங் அடிக்கும். ஆனால் நாலுக்குள் எடுத்தால்தான் படுக்கை. அதற்குமேல் எடுத்தால் ஒரு பெண்குரல் மன்னிப்புக் கேட்கும். படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும்.

நாலு என்பதை அவர் சோதித்துத்தான் வைத்தார். எப்படி? தம் நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்றடி தள்ளியிருந்த போனை எடுத்துப் பார்த்தார். இரண்டே ரிங். தாராளமாக இரண்டு கூட்டிக் கொடுத்தார்.

"கால் வீங்கினவங்க நாலு ரிங்ல எப்படி சார் வருவாங்க?" என்று வார்டு சிஸ்டர் அப்போதே கேட்டாள்.

"பெட் காத்திருக்காது சிஸ்டர்."

படுக்கைக்குக் காத்திருந்த அவர் மனைவிக்கும் வீங்கியது காலில்தான். படுக்கையறையிலிருந்து கூடத்துப் போனுக்குப் பதினாலு அடி. ஒரு நாள் சாயங்காலம் அவர் வீடு திரும்பியபோது அவள் சொன்னாள்: "என்னங்க, ஒரு பொண்ணு பேசுச்சு. நான் எடுக்கறதுக்குள்ள வேற யாருக்கோ குடுத்துட்டாங்களாம். என்னத்தைன்னு தெரியலை. பாவம், எவ்வளவு தன்மையா மன்னிப்பு கேக்குது!"

"ராங் நம்பரா இருக்கும்," என்றார் ரூல்ஸ்.

மறுநாள் ஆபீசில் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். எடுத்த ரிங்: ஐந்து. தாமதம். அடுத்தவர்.

ஒன்பதாம் நாள் அவள் வீட்டிலேயே போய்ச் சேர்ந்தாள். அந்த ஐந்தாவது ரிங்கைப் பற்றி அவர் மகளிடமும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் சட்டம் சொல்கிற வாய், இதற்கு மட்டும் பூட்டு. ஆஸ்பத்திரிக்குச் சேதி சொல்லிப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்திருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை. அவளை இரண்டாம் தடவையும் நாமே தள்ளிவிடுவதா என்று கை வரவில்லை. பெயர் அங்கேயே இருந்தது, நாளாக நாளாக மதிப்பெண் ஏறியது. படுக்கை காலியாகும்போதெல்லாம் போன் முதலில் அவளுக்குத்தான் போயிற்று. யாரும் எடுக்காத பத்து ரிங்குக்குப் பிறகு அடுத்தவருக்கு.

அந்த ஒன்பது வரும்வரை.

அன்று வீட்டுக்கு வந்தவர் போனைப் பார்த்தார். ரிசீவர் திருப்பி வைக்கப்பட்டிருந்தது, வயர் இடதுபக்கம் தொங்கியது. அவள் இடதுகைக்காரி. ஜன்னல்கள் சாத்திய கூடத்தில், ஏழு வாரமாக யாரும் திறக்காத வலித்தைலத்தின் வாசனை, ஈரத் துணியின் புழுக்கத்தோடு கலந்து, இப்போதுதான் யாரோ காலில் தேய்த்துக்கொண்டு எழுந்துபோன மாதிரி, முழங்கால் உயரத்தில் நின்றுகொண்டிருந்தது.

அடுத்த வாரம் எட்டு. அப்புறம் ஏழு.

எதிர்வீட்டுக்காரி வாசலில் மறித்தாள். தெருவில் எது நடந்தாலும் முதலில் அவள் காதுக்கு வந்துவிட்டுத்தான் நடக்கும். "அண்ணே, வீட்ல யாரு? சொந்தக்காரங்களா?"

"யாருமில்லையே."

"மத்தியானம் போன் அடிக்குது, யாரோ காலை இழுத்து இழுத்து நடக்கறாங்க. பாவம், மூச்சு வாங்குது. கொஞ்சம் வேகமாத்தான் நடக்கப் பழகிட்டாங்க போலிருக்கு." சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள். அவள் கேள்வி கேட்காமல் போனது அதுவே முதல் தடவை.

ஆறு.

செவ்வாய்க்கிழமை, ஐந்து.

புதன் காலை அவர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அடுத்தது நாலு. நாலில் எடுத்தால் படுக்கை அவளுக்கு, அதாவது பூட்டிய வீட்டுக்கு. பட்டியலில் அடுத்து நிற்பவள் ஒரு தையல்காரி, முப்பத்திரண்டு வயது, உயிரோடு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருப்பவள். இதற்குமேல் தள்ளிப்போட முடியாது. மனைவியின் பெயரைத் திறந்து, 'நீக்கக் காரணம்' என்ற கட்டத்தில் 'இறப்பு' என்று பதிந்தார்.

திரை மறுத்தது.

'இந்த நோயாளி நேற்று தொலைபேசியை எடுத்துள்ளார். மூன்று நாட்களுக்குள் தொலைபேசியை எடுத்தவரை இறந்தவராகப் பதிய இயலாது.'

அதுவும் அவர் எழுதிய விதிதான். உயிரோடிருப்பவரைத் தவறிப்போய் யாரும் கொன்றுவிடக் கூடாது என்று எழுதியது.

வயரைப் பிடுங்கிவிடலாம் என்று வீட்டுக்கு ஓடினார். உச்சிவெயில். தெருவில் ஈ காக்காய் இல்லை. கூடத்தில் மண்டியிட்டு, சுவரோரத்தில் வயரைப் பிடித்தார்.

போன் அடித்தது.

ஒன்று.

படுக்கையறையில் கட்டில் முனகியது. தைலம் மணத்தது. சர்ர்ர்க் என்று ஒரு கால். பிறகு இன்னொன்று.

இழுத்தால் போதும். ஒரே இழுப்பு. தையல்காரி பிழைப்பாள்.

இரண்டு.

அடிகள் வந்துகொண்டிருந்தன. ஆறு. ஏழு. மூச்சு இரைத்தது. அந்த இரைப்பு அவருக்குத் தெரியும். பதினோரு மாதம் பக்கத்தில் படுத்துக் கேட்டது. அன்றைக்கும் இப்படித்தான் வந்திருப்பாள். சுவரைப் பிடித்துக்கொண்டு. யாரும் பார்க்காமல். ஒரே ஒரு ரிங்குக்காக.

மூன்று.

பதினொன்று. பன்னிரண்டு. நின்றது. தடுமாற்றம்.

"வா," என்றார் அவர். தம் குரல்தானா என்று தெரியவில்லை. "இன்னும் ரெண்டே அடி. வாம்மா."

கை வயரை விட்டது.

நான்கு.

ரிசீவர் எழுந்தது.

"படுக்கை ஒதுக்கப்பட்டது," என்றது பெண்குரல், தன்மையாக. "வண்டி புறப்பட்டுவிட்டது. துணைக்கு ஒருவர் கட்டாயம் வரவேண்டும்."

அவர் திரும்பவில்லை. தோளில் ஒரு கை விழுந்தது. ஊன்றிக்கொள்ளும் கை. கனமாக. சில்லென்று. இடது கை.

வாசலில் வண்டி வந்து நின்றது. ஸ்ட்ரெச்சரோடு வந்த ஆள் கதவைத் தள்ளி உள்ளே பார்த்தான். மண்டியிட்டிருந்தவரை அவன் பார்க்கவில்லை. அவருடைய தோளுக்கு மேலே பார்த்தான்.

"மெதுவா வாங்கம்மா," என்றான். "சாரும் கூட வர்றாரு இல்ல?"