ஏரி தெரியும் மலிவு அறை

அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஏப்ரல் மழைக்கு வெட்கமே கிடையாது... விட்டால் கூரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கி, அறை பிடிக்க நின்ற மாணவர்களோடு தானும் வரிசையில் நின்றிருக்கும்!

அடுத்த ஆண்டு யாருக்கு எந்த விடுதி அறை என்பது குலுக்கலில் விழும் எண்ணைப் பொறுத்தது. கோரினுக்கு நல்ல எண். பழைய கட்டடத்தின் மேல்மாடி அறையைக் கேட்டு வாங்கினாள். லிஃப்ட் இல்லை, ஏறி முடிப்பதற்குள் ஒரு பிறந்தநாள் வந்து போய்விடும். ஆனால் ஜன்னல் நிறைய ஏரி... கல்லூரியிலேயே மலிவான அறையும் அதுதான்.

பின்னால் ஒரு பெருமூச்சு. திரும்பினாள். சொட்டும் தலைமுடி, மழையை விட ஈரமான பழுப்புக் கண்கள்... அவளுக்குத் தன் பெயரே மறந்துபோனது.

"மகாராணிக்கு வேற அறையே கிடைக்கலையா?"

அவன் ஆமோஸ், பால்பண்ணைக்காரர் மகன். அவன் உதவித்தொகையை இருவர் தங்கும் அறையின் வாடகைக்குத்தான் கணக்கிடுவார்கள். அதைவிட மலிவாக எடுத்தால் மிச்சத்தைப் படிப்புக் கட்டணத்துக்குக் கட்டலாம். அங்கேதான் அவனுக்குத் துண்டு விழுந்தது.

கோரினுக்கோ வேறு வகை உதவித்தொகை, எந்த அறையானாலும் அதுவே முழுசாகக் கட்டிவிடும். ஏரிக்காக எடுத்தேன் என்று சொல்ல நாக்கு கூசியது. அந்த 'மகாராணி' வேறு சுட்டது.

"எனக்கும் இதை விட்டா வழியில்ல," என்றாள்.

அவன் முகம் அப்படியே இளகியது. மன்னிப்புக் கேட்டான், காபி வாங்கித் தந்தான், மே முழுக்க அவளோடு சுற்றினான். இன்று சொல்லிவிடலாம் என்று தினமும் கிளம்புவாள். அவன் பார்வையில் இருந்த மரியாதையைப் பார்த்ததும் உண்மை தொண்டைக்குள் திரும்பிப் படுத்துக்கொள்ளும்...

ஆமோஸ் வேறு வழி தேடினான். ஜூனியர்களைப் பார்த்துக்கொள்ளும் மாடிப் பொறுப்பாளருக்கு அறை இலவசம்! துள்ளிக் குதித்துக் கையெழுத்துப் போட்டான். உதவித்தொகை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. வாடகையே இல்லாதவனுக்கு வாடகைப் பணம் எதற்கென்று, கோடை முடிவதற்குள் அதைக் கழித்துவிட்டார்கள். துண்டு அப்படியே நின்றது.

ஆகஸ்டில் கோரின் வந்து இறங்கியபோது, அவன் அப்பாவின் டிரக்கில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். வீட்டிலிருந்தே போய்வரும்படியாக அரசுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டானாம். விடிவதற்குள் மாடு கறந்துவிட்டு வகுப்புக்கு ஓட வேண்டும்.

கோரின் அறையைத் தருவதாகச் சொன்னாள். நேரம் கடந்துவிட்டது என்றான்.

"உனக்கும் வேற வழியில்லையே, கோரின்."

"இருந்துச்சு... எந்த அறை வேணும்னாலும் எடுத்திருக்கலாம். நான் பொய் சொன்னேன்."

அவன் பெட்டியைக் கீழே வைத்தான்.

"ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"சொன்னா நீ போயிடுவியோன்னு பயந்தேன். உன்னை எனக்கு அவ்வளவு பிடிச்சிருந்துச்சு."

"அன்னிக்கே சொல்லியிருந்தா கொஞ்சம் கோவப்பட்டிருப்பேன். அப்புறம் அறையை வாங்கிக்கிட்டு உன் பக்கத்துலயே இருந்திருப்பேன்." அவன் குரல் உடைந்தது. "எனக்கும் உன்னைத்தான் பிடிச்சிருந்துச்சு... அதான் உன்கிட்ட அறையைக் கேக்கவே இல்ல."

டிரக்கிலிருந்து அப்பா ஹார்ன் அடித்தார். மாலைப் பால் கறக்கும் நேரமாகிவிட்டது.